ஆள்வோருக்குத் தத்துவம், மற்றோருக்குக் குற்றம்: சுல்தான் கலியேவை முன்வைத்து

சோவியத் யூனியனின் அரசியல் அகராதியில் ஒரு காலத்தில் ‘சுல்தான்கலியேவிசம்’ என்றொரு சொல் இருந்தது. மார்க்ஸிசம், லெனினிசம் என்பவற்றைப் போல ஒரு மனிதரின் பெயரோடு ‘இசம்’ சேர்த்து உண்டாக்கிய சொல்தான். ஆனால் அந்தப் பெயருக்குரியவர் அதைத் தன் கொள்கைக்குச் சூட்டிக்கொள்ளவில்லை. அவரைக் குற்றஞ்சாட்டியவர்களே சூட்டினார்கள். 1923 முதல் 1930களின் இறுதி வரை, கசானிலோ கிரிமியாவிலோ ஒரு முஸ்லிம் கொம்யூனிஸ்ட் தன் மக்களுக்கென்று எதையாவது கேட்டால், அவர்மீது ஒட்டுவதற்கு அந்தச் சொல் தயாராக இருந்தது. ஒட்டிய பின்னர் அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை.

மீர்செய்யித் சுல்தான் கலியேவின் பெயரை நம்மிடையே இரண்டு தரப்பினர் உச்சரிக்கக் கேட்டிருக்கிறேன். ஒரு தரப்பினர் பழைய இடதுசாரிகள். “அவர் ஒரு பூர்ஷுவா தேசியவாதி, வர்க்கத்தை விட்டுவிட்டு மதத்தைப் பிடித்துக்கொண்டவர்” என்று ஒரே வசனத்தில் முடித்துவிடுவார்கள். மற்றத் தரப்பினர் மார்க்க மேடைகளிலே பேசுபவர்கள். “கொம்யூனிசம் இஸ்லாத்தை எப்படி வஞ்சித்தது என்பதற்கு இவர் ஓர் உதாரணம், இவர் ஒரு ஷஹீத்” என்பார்கள். இரண்டு தரப்பினருமே அந்த மனிதரை வாசிக்கவில்லை என்பதும், இருவரும் தத்தமக்கு வசதியான ஒரு பொம்மையைச் செய்து வைத்திருக்கிறார்கள் என்பதும் என் குற்றச்சாட்டு. அதற்கு அப்பால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘தேசியக் கொம்யூனிசம்’ என்பதை ஒரு கோட்பாட்டின் பெயராகவே நாம் படிக்கிறோம். வரலாற்றில் அது பெரும்பாலும் ஒரு தீர்ப்பாகவே இருந்திருக்கிறது. அதிகாரம் உள்ளவன் சொன்னால் தத்துவம், இல்லாதவன் சொன்னால் குற்றம்.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். 1892இல் பஷ்கீரியாவில் ஒரு சிறு கிராமத்தில், ஓர் ஏழை ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர். கசானில் இருந்த தாத்தார் ஆசிரியர் கலாசாலையில் பயின்று 1911இல் வெளியேறினார். கிராமப் பாடசாலையில் கற்பித்தார், நூலகராக இருந்தார், பத்திரிகைகளுக்கு எழுதினார். நம்மில் பலருடைய வாழ்க்கைக்கு மிக அண்மையில் உள்ள வாழ்க்கைதான். 1552இல் ஜார் நான்காம் இவான் கசானைப் பிடித்ததிலிருந்து ரஷ்யரின் ஆட்சிக்குட்பட்டு வாழ்ந்த ஒரு மக்கள் கூட்டத்தின் மகன் அவர். கிராமத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும்போது அவர்களுடைய மொழிக்கு நாட்டில் என்ன இடம் என்ற கேள்வி எழாமல் இருந்திருக்காது.

1917 ஒக்டோபர் புரட்சி நிகழ்ந்து ஒரு மாதம் கழிய முன்னரே லெனினும் ஸ்டாலினும் கையொப்பமிட்டு, ரஷ்யாவிலும் கிழக்கிலும் உள்ள உழைக்கும் முஸ்லிம்களுக்கென ஒரு பிரகடனம் வெளியானது. உங்கள் நம்பிக்கைகளும் வழக்கங்களும் உங்கள் தேசிய, கலாசார நிறுவனங்களும் இனிச் சுதந்திரமானவை, அவற்றில் யாரும் கை வைக்க முடியாது என்பதே அதன் சாரம். கலீபா உஸ்மான் (றழி) அவர்களுடையது என்று முஸ்லிம்கள் போற்றும் குர்ஆன் பிரதியை, ஜாரின் அதிகாரிகள் சமர்க்கந்திலிருந்து எடுத்துச் சென்று பீற்றர்ஸ்பேர்க் நூலகத்தில் வைத்திருந்தார்கள். அதை முஸ்லிம்களிடம் திருப்பிக் கொடுக்கும்படி 1917 டிசம்பரில் புதிய அரசாங்கம் உத்தரவிட்டது. இவற்றையெல்லாம் வெறும் தந்திரம் என்று இன்று சொல்லிவிடுவது எளிது. அன்று அந்த வார்த்தையை நம்பியவர்கள் மூடர்கள் அல்லர். 365 ஆண்டுகளில் எந்த மொஸ்கோ ஆட்சியாளனும் அவர்களிடம் அப்படிப் பேசியதில்லை.

கலியேவ் நம்பினார். முல்லாநூர் வாஹிதோவுடன் சேர்ந்து கசானில் முஸ்லிம் சோஷலிஸக் குழுவில் இயங்கினார். 1918 ஆகஸ்டில் வெண்படைகள் கசானைப் பிடித்தபோது வாஹிதோவ் கொல்லப்பட்டார். அதன் பின்னர் முஸ்லிம் கொம்யூனிஸ்டுகளில் முதன்மையானவராகக் கலியேவ் உயர்ந்தார். தேசிய இனங்களுக்கான மக்கள் ஆணையகத்தில் ஸ்டாலினின் கீழ் பணியாற்றினார். முஸ்லிம் இராணுவக் கல்லூரியத்தின் தலைவராக இருந்து, செஞ்சேனைக்குத் தாத்தார், பஷ்கீர் படைப்பிரிவுகளைத் திரட்டினார். கொல்சாக்கின் படைகள் கிழக்கிலிருந்து முன்னேறிய நாட்களில் அந்தப் படைப்பிரிவுகள் புரட்சிக்கு மிகவும் தேவைப்பட்டன.

அவர் சொன்னது என்ன? ஐரோப்பாவின் தொழிலாளர்களை நம்பியிருக்கும் புரட்சி பாதியிலே நின்றுவிடும் என்று 1919இல் எழுதினார். ஐரோப்பிய முதலாளித்துவம் குடியேற்ற நாடுகளின் உழைப்பில் நிற்கிறது. ஆகவே அதன் அத்திவாரம் இலண்டனிலோ பாரிஸிலோ இல்லை, கிழக்கிலே இருக்கிறது. முஸ்லிம் மக்கள் முழு மக்களாகவே சுரண்டப்பட்டவர்கள் என்பதால் அவர்கள் ‘பாட்டாளி தேசங்கள்’. ஆளும் தேசத்துத் தொழிலாளி அதிகாரத்துக்கு வந்தால் மட்டும் ஆளப்பட்ட தேசம் விடுதலை அடைந்துவிடாது. ஆளும் தேசத்தவன் உடுப்பை மாற்றிக்கொண்டு மறுபடியும் ஆளுவான். எனவே முஸ்லிம்களுக்கெனச் சொந்தக் கட்சி அமைப்பும், சொந்தப் படையும், வொல்கா முதல் யூரல் வரை ஒரு பெரிய தாத்தார்-பஷ்கீர் குடியரசும் வேண்டும்.

இவற்றில் ஒவ்வொன்றுக்கும் என்ன நேர்ந்தது என்று பாருங்கள். முஸ்லிம் கொம்யூனிஸ்டுகள் தாமே கட்டிய கட்சி அமைப்பு 1918 நவம்பரில் மத்தியக் கட்சியின் கீழ் ஒரு பணியகமாக்கப்பட்டது. 1919 மார்ச்சில் அந்தப் பணியகத்தின் பெயரிலிருந்து ‘முஸ்லிம்’ என்ற சொல் நீக்கப்பட்டு, ‘கிழக்கு மக்கள்’ என்று மாற்றப்பட்டது. சொல்லை எடுத்தால் பொருளையும் எடுத்துவிடலாம் என்பதை மொஸ்கோ நன்றாக அறிந்திருந்தது. 1918 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட பெரிய குடியரசு காகிதத்தோடு நின்றது. 1919இல் பஷ்கீருக்கு ஒன்று, 1920இல் தாத்தாருக்கு ஒன்று என இரண்டு சிறிய சுயாட்சிக் குடியரசுகள் கிடைத்தன. துர்கிஸ்தானில் துராற் றிஸ்குலோவ் 1920இல் துருக்கிய மக்களுக்கென ஒரு குடியரசும் கொம்யூனிஸ்ட் கட்சியும் கேட்டார், அதுவும் மறுக்கப்பட்டது. உள்நாட்டு யுத்தம் முடிந்தது. தேவையும் முடிந்தது.

1923 ஏப்ரலில் கட்சியின் 12ஆவது மகாநாடு கூடியது. மாரஷ்யப் பேரினவாதமே தலையாய அபாயம் என்றும், உள்ளூர்த் தேசியவாதம் அதற்கு எதிர்வினையாக எழும் இரண்டாவது அபாயம் என்றும் தீர்மானம் எழுதப்பட்டது. அருமையான தீர்மானம். அதன் மை காய்வதற்கு முன்னர், மே மாதத் தொடக்கத்தில் கலியேவ் கைது செய்யப்பட்டார். பேரினவாதத்துக்காக அந்தத் தரத்தில் உள்ள எவரும் கைதாகவில்லை. தலையாய அபாயம் தீர்மானத்திலும், இரண்டாவது அபாயம் சிறையிலும் இருந்தன. பெயர்பெற்ற ஒரு கட்சித் தலைவரை ஸ்டாலினின் முயற்சியால் கைது செய்த முதற் சந்தர்ப்பம் இதுவே என்று காமனேவ் தன்னிடம் கூறியதாக ட்ரொட்ஸ்கி எழுதியிருக்கிறார். அன்று அதற்குக் கைதூக்கியவர்களில் காமனேவும் ஒருவர். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அதே வழியிலேயே அவரும் அனுப்பப்பட்டார்.

குற்றச்சாட்டில் ஒரு துளி உண்மையும் இல்லை என்று நான் வாதாடவில்லை. சோவியத்துக்கு எதிராகப் போய்விட்ட பஷ்கீர் தலைவர் செக்கி வலிதியுடன் தொடர்பை ஏற்படுத்த முனைந்து அவர் எழுதிய இரகசியக் கடிதம் அதிகாரிகளின் கையில் சிக்கியது. ஜூன் மாதத்தில் அதற்கெனவே ஒரு மகாநாட்டைக் கூட்டினார்கள். கிழக்கிலே சிந்திக்கக்கூடிய ஆட்கள் குறைவு, அதனால்தான் இதுவரை இவரைப் பாதுகாத்து வந்தேன் என்ற தோரணையில் ஸ்டாலின் அங்கே பேசினார். கலியேவ் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார். 1928இல் மறுபடியும் கைது. 1930இல் மரணதண்டனை, பின்னர் அது பத்தாண்டுச் சிறையாகக் குறைப்பு. 1934இல் விடுதலை. 1937இல் மூன்றாவது கைது. 1940 ஜனவரி 28ஆம் திகதி மொஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990இல், அதே அரசு உடைவதற்கு ஓராண்டு முன்னர், அவர் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார். ஒரு கடிதத்துக்குத் தண்டனை என்றால் 1923இல் கணக்குத் தீர்ந்திருக்க வேண்டும். பதினேழு ஆண்டுகள் துரத்தப்பட்டது கடிதமா, கருத்தா?

இனி இலக்கிய வாசகர்களாகிய நமக்கு மிகவும் பழக்கமான இரண்டு சொற்களுக்கு வருவோம்: உருவம், உள்ளடக்கம். நமது விமர்சகர்கள் இந்தச் சோடியை வைத்து எத்தனையோ பக்கங்கள் எழுதினார்கள். 1925இல் கிழக்கின் உழைப்பாளர் பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய ஸ்டாலின், பாட்டாளி வர்க்கக் கலாசாரம் உள்ளடக்கத்தால் பாட்டாளித்தன்மையும் உருவத்தால் தேசியத்தன்மையும் உடையது என்று வரையறுத்தார். 1930இல் அதுவே ‘உருவத்தில் தேசியம், உள்ளடக்கத்தில் சோஷலிஸம்’ என்று நிலைபெற்றது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. மொழி உன்னுடையது, சொல்லப்படும் செய்தி எல்லோருக்கும் பொதுவானது.

ஆனால் அந்த உருவமாவது அவர்களிடம் விடப்பட்டதா? தாத்தார் மொழி அறபு எழுத்தில் எழுதப்பட்டு வந்தது. 1920களின் பிற்பகுதியில் அது இலத்தீன் எழுத்துக்கு மாற்றப்பட்டது. 1939இல் இலத்தீன் போய் ரஷ்யரின் சிரிலிக் எழுத்து வந்தது. ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளில் இரண்டு தடவை ஒரு சமூகத்தின் எழுத்து மாற்றப்பட்டது. நமது முன்னோர் அறபுத்தமிழில் எழுதி வைத்த ஏடுகளைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கத் தெரியாமல் நிற்கும் நமக்கு, இதன் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை. நம்மிடம் அது மெல்ல மெல்ல மறைந்தது. அங்கே அது உத்தரவினால் முடிந்தது. அத்தோடு அந்த உருவத்தைச் செய்து கொடுக்கக்கூடியவர்களும் இல்லாமல் ஆக்கப்பட்டார்கள். தாத்தார் நாவலாசிரியர் காலிம்ஜான் இப்றாகிமோவ், அவரே ஒரு கொம்யூனிஸ்ட், 1938 ஜனவரியில் கசான் சிறையில் இறந்தார். உஸ்பெக் நாவலின் முன்னோடி அப்துல்லா காதிரி, கவிஞர் சோல்பான், அறிஞர் பித்றத் ஆகிய மூவரும் 1938 ஒக்டோபர் 4ஆம் திகதி ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். தேசியவாதிகள் என்ற முத்திரை அவர்கள் எல்லோர் மீதும் குத்தப்பட்டிருந்தது. உருவத்தில் தேசியம் என்பவர்கள், தேசத்தின் உருவத்தை எழுதியவர்களைச் சுட்டார்கள்.

பழைய இடதுசாரி நண்பர்களிடம் இப்போது கேட்கிறேன். மார்க்ஸிசத்தைத் தன் மண்ணுக்கேற்ப மாற்ற முனைந்ததுதான் கலியேவின் குற்றம் என்றால், 1938 ஒக்டோபரில், அந்த உஸ்பெக் எழுத்தாளர்கள் கொல்லப்பட்ட அதே மாதத்தில், மார்க்ஸிசத்தைச் சீனமயமாக்க வேண்டும் என்று கட்சிக் கூட்டத்தில் அறிவித்த மா ஓவுக்கு என்ன பெயர்? 1945இல் மா ஓ சேதுங் சிந்தனை சீனக் கட்சியின் யாப்பிலே ஏறியது. 1960களில் இங்கே கட்சி மொஸ்கோ அணி, பீக்கிங் அணி என்று பிளவுபட்டபோது தோழர் சண்முகதாசனின் பின்னால் நின்றவர்கள் அந்தச் சிந்தனையைத் தலைமேல் வைத்தார்கள். கிழக்கு மேற்கைச் சூழும் என்றும், விவசாயிகளின் நாடுகளிலிருந்தே புரட்சி எழும் என்றும் பேசினார்கள். கலியேவ் 1919இல் எழுதியது இதற்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

1955 டிசம்பரில் வடகொரியாவின் கிம் இல் சுங் ‘ஜூச்சே’ என்ற சொல்லை முன்வைத்தார். நமது புரட்சி நம்முடையது, மொஸ்கோவைப் பார்த்து எழுத வேண்டாம் என்பது அதன் தொடக்கப் பொருள். 1972இல் அது மார்க்ஸிச-லெனினிசத்தை ஆக்கபூர்வமாகப் பிரயோகிப்பது என்ற விளக்கத்தோடு அரசியலமைப்பில் ஏறியது. 1992இல் மார்க்ஸிச-லெனினிசம் அந்த அரசியலமைப்பிலிருந்து நீக்கப்பட்டது. 2009இல் கொம்யூனிசம் என்ற சொல்லும் நீக்கப்பட்டது. ஜூச்சே மட்டும் இருந்தது. பெயரடை பெயர்ச்சொல்லையே விழுங்கிய கதை இது. இதைவிடப் பெரிய தேசியவாதத் திரிபு உலகில் உண்டா? ஆயினும் அதற்கு எந்தக் கூண்டும் காத்திருக்கவில்லை. மா ஓவிடம் படை இருந்தது, கிம்மிடம் அரசு இருந்தது. 1948இல் ஸ்டாலின் டிட்டோவை விலக்கியபோது யூகோஸ்லாவியாவிடம் இரண்டும் இருந்தன. கலியேவிடம் இருந்த படைப்பிரிவுகளை ஏற்கெனவே கலைத்துவிட்டிருந்தார்கள். வேறுபாடு இதிலே இருக்கிறது, தத்துவத்தில் தேடுவது வீண்.

அந்தச் ‘சீனமயமாக்கல்’ என்ற சொல்லின் பிற்காலத்தையும் பாருங்கள். 1938இல் மா ஓ பயன்படுத்திய அதே சொல்லை 2015 முதல் சீன அரசு மதங்களைப் பற்றிப் பயன்படுத்துகிறது. இஸ்லாத்தைச் சீனமயமாக்குவதற்கு 2018 முதல் 2022 வரையான ஐந்தாண்டுத் திட்டமும் வகுக்கப்பட்டது. முன்னர் வெளியிலிருந்து வந்த கோட்பாடு மக்களுக்கேற்ப மாற வேண்டும் என்று பொருள்பட்டது. பின்னர் மக்கள் நூற்றாண்டுகளாகப் பின்பற்றிய மார்க்கம் அரசுக்கேற்ப மாற வேண்டும் என்று பொருள்பட்டது. 2018 ஆகஸ்டில் நிங்சியாவில் வெய்சோ பள்ளிவாசலை இடிக்கப் போவதாக அறிவித்தபோது ஹுயி முஸ்லிம்கள் திரண்டு நின்றார்கள். கட்டடம் தப்பியது, குவிமாடங்கள் போயின. சின்ஜியாங்கில் உய்குர் மக்கள் அடைக்கப்பட்ட முகாம்களுக்கு ‘தொழிற்பயிற்சி நிலையங்கள்’ என்று பெயர். ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அந்தச் சொல் எனக்கு அருவருப்பூட்டுகிறது. பயிற்சி நிலையத்திலிருந்து மாணவன் மாலையில் வீட்டுக்குப் போவான்.

மார்க்க மேடை நண்பர்களுக்கும் சொல்ல இருக்கிறது. கலியேவ் ஒரு நாத்திகர். முஸ்லிம்களிடையே மதஎதிர்ப்புப் பிரசாரத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்று அவர் எழுதிய கட்டுரை இருக்கிறது. செய்யக் கூடாது என்று அதில் அவர் வாதிடவில்லை. முரட்டுத்தனமாகச் செய்தால் ஜாரின் பாதிரிமார் செய்ததையே ரஷ்யர்கள் திரும்பவும் செய்கிறார்கள் என்று முஸ்லிம்கள் எண்ணுவார்கள், ஆகவே நிதானமாகச் செய்யுங்கள் என்றே வாதிட்டார். அவருக்குத் தாடியும் தலைப்பாகையும் வைத்து மேடையேற்றுவது அவரைச் சுட்டவர்கள் செய்ததற்கு அடுத்தபடியான அநியாயம். மேலும், கொம்யூனிசம் முஸ்லிம்களை வஞ்சித்தது என்று முழங்குபவர்கள் 2022ஐ நினைவுகூர வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் திகதி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சின்ஜியாங் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. அதை விவாதிக்கலாமா என்ற பிரேரணை ஒக்டோபரில் மனித உரிமைப் பேரவையில் 17க்கு 19 என்ற வாக்குகளால் தோற்றது. தோற்கடித்தவற்றில் பாகிஸ்தான், இந்தோனேசியா, கட்டார், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகியனவும் இருந்தன. அந்த அரசுகளை ஆள்பவர்கள் கொம்யூனிஸ்டுகள் அல்லர்.

கலியேவின் கோட்பாட்டில் குறை இல்லையா? இருக்கிறது, பெரிய குறை. ஒரு சமூகம் முழுவதையும் பாட்டாளி என்று சொன்னால் அந்தச் சமூகத்துக்குள் இருக்கும் காணிக்காரனும் குத்தகைக்காரனும் ஒன்றாகிவிடுகிறார்கள். போடியாரும் வயற்காரனும் ஒரே ஸப்பில் தொழுவதால் அறுவடையின் பங்கு சமமாகிவிடாது என்பது நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். ‘நாமெல்லாம் ஒரே சமூகம்’ என்ற பேச்சு கூலி கேட்பவனின் வாயை அடைக்கப் பயன்படுவதையும் பார்த்திருக்கிறோம். இந்த இடத்தில் கலியேவை மறுக்க வேண்டும், நான் மறுக்கிறேன். ஆனால் மறுப்பதற்கு வாதம் இருக்கிறது. வாதம் இருக்கும்போது துப்பாக்கி எதற்கு? அதற்கும் முன்னர், அந்த ‘இசம்’ எதற்கு?

இந்தச் சொற்கள் நமது மொழிக்கும் வந்தன. பேரினவாதம், குறுந்தேசியவாதம் என்று நமது இடதுசாரி எழுத்தில் சோடியாக வரும் சொற்கள் மொஸ்கோவின் அந்தத் தீர்மானங்களின் தமிழ் வாரிசுகள். இந்த நாட்டின் இனப்பிரச்சினையை விளங்கிக்கொள்ள அவை உதவின, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் இருந்த கூட்டங்களில் ஒரு முஸ்லிம் எழுந்து தன் ஊரின் காணியைப் பற்றியோ, பிள்ளைகளின் பாடப்புத்தகத்தைப் பற்றியோ பேசியபோது, முதலாவது சொல் எவர்மீதும் விழக் கேட்டதில்லை. இரண்டாவது சொல்லே அவர்மீது விழுந்தது. பேசியவர் உட்கார்ந்துவிடுவார். அவர் கேட்ட கேள்வி அந்தரத்தில் நிற்கும். மொஸ்கோவிலிருந்து அச்சாகி வந்த தமிழ் நூல்களில் நான் வாசித்த ஒன்றிலும் கலியேவின் பெயரைக் கண்டதில்லை. ஆனால் அவரை வாயடைக்கச் செய்த முறை மட்டும் பெயரில்லாமல் நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது.

ஆகவே இளம் எழுத்தாளர்களுக்கு நான் சொல்வது சுருக்கமானது. கலியேவின் கட்டுரைகள் தமிழுக்கு வர வேண்டும். அவரைப் புகழ்வதற்கும் வேண்டாம், பழிப்பதற்கும் வேண்டாம், வாசிப்பதற்கு வர வேண்டும். யாராவது ஒருவருடைய கருத்தின் மேல் ஒரு ‘இசம்’ ஒட்டப்படும்போது, ஒட்டியவரிடம் முதலில் கேளுங்கள்: அவர் கேட்ட கேள்விக்கு உங்கள் பதில் என்ன? பதில் வந்த பிறகு பெயரை வைத்துக்கொள்ளலாம். கசானின் அந்தக் கிராமத்து ஆசிரியர் 1919இல் கேட்டது ஒரு கேள்விதான். ஆளும் தேசத்தின் தொழிலாளி ஆட்சிக்கு வந்தால் ஆளப்படும் தேசத்துக்கு என்ன கிடைக்கும்? அதற்கு மொஸ்கோ தோட்டாவால் பதில் சொன்னது. நூறு ஆண்டுகள் கடந்த பின்னரும் அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது.